எபிசோட் 27: 1978 அம்பாசிடருக்கு ஏசி போட்ட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை அப்படியே போடாமல், படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. ஒரு பழைய கார் பத்தித்தான் பேசப் போறேன்.

1978-ல பதிவான அம்பாசிடர், மார்க் 3. குறிஞ்சிப்பாடியில எங்க வீட்டு வாசல்ல வேப்பமரத்தடியில நிக்குது. அப்பா 1993-ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். எங்க ஊர் நெசவு ஊர்னு பலருக்குத் தெரியும். அப்பாவுக்குத் துணி வியாபாரம். தறிக்காரங்க கிட்ட சரக்கை எடுத்து, பண்டல் கட்டி, டிக்கியிலயும் பின் சீட்டுலயும் அடுக்கிக்கிட்டு கடலூர், சிதம்பரம், விருத்தாசலம்னு போவார். என் இன்ஜினியரிங் ஃபீஸ்ல பாதி அந்த டிக்கியில ஏறி இறங்கின பண்டல்ல இருந்து வந்ததுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆச்சு. நல்லாத்தான் இருக்கார். ஆனா டாக்டர், "வெயில்ல, புழுக்கத்துல ரொம்ப நேரம் உட்காராதீங்க" ன்னு சொல்லிட்டார். எங்க வண்டியில ஏசி கிடையாது. மே மாசம் மத்தியானம் உள்ள உட்கார்ந்தா அடுப்பு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்பா மெதுவா வண்டி எடுக்கறதை விட்டார். அப்புறம் வெளியே போறதையே விட்டார். ஒருநாள் போன்ல, "காயலான் கடைக்காரன் வந்து பார்த்துட்டுப் போனான்டா" ன்னு சாதாரணமா சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமா இல்ல.

"இருங்கப்பா, நான் ஏசி போட்டுத் தரேன்" ன்னு சொல்லிட்டேன். நான் சாஃப்ட்வேர் ஆளு. யூடியூப்ல நாலு வீடியோ பார்த்திருந்தேன். போதும்னு நினைச்சேன்.

முதல் ரவுண்டு: கேட்டுல கொதிச்ச கதை

சந்தையில கிடைக்கிற ஒரு ஏசி கிட் வாங்கினேன். டேஷ்போர்டுக்குக் கீழ மாட்டுற கூலிங் காயில், கம்ப்ரஸர், கண்டன்ஸர், ஹோஸ் எல்லாம் சேர்த்து. ஊர்ல ஒரு மெக்கானிக் அண்ணன் உதவியோட ரெண்டு நாள்ல மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணினோம், ஜில்லுனு காத்து வந்தது. தெருவே வந்து கையை நீட்டிப் பார்த்துட்டுப் போச்சு. நான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

மறுநாள் அப்பாவுக்கு சிதம்பரத்துல செக்கப். புவனகிரி வழியா போகணும். மணி பதினொண்ணு, அக்னி நட்சத்திரம். வெளியே நாற்பது டிகிரியை நெருங்குது. கிளம்பின கொஞ்ச நேரத்துல ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜின் ஐடில்ல, ஏசி ஆன்ல. அஞ்சு நிமிஷம், ஏழு நிமிஷம். டெம்பரேச்சர் முள்ளு ஏறிக்கிட்டே போகுது. நான் அதைப் பார்க்கவே இல்ல, ப்ளோயர் ஸ்பீடைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். திடீர்னு பானெட் இடுக்குல இருந்து ஆவி. ஏசி காத்து சூடா மாறுச்சு, இன்ஜின் தடதடன்னு ஆடி நின்னுடுச்சு.

நான் பதறிப்போய் இறங்கி பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியில கை வைக்கப் போனேன். அப்பா உள்ள இருந்து ஒரு சத்தம் போட்டார் பாருங்க. "கையை எடுடா!"

அந்தச் சத்தத்துக்குக் காரணம் இருக்கு. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல, அது ஒரு பிரஷர் வால்வு. குக்கர் வெயிட் மாதிரி. 7 பவுண்டு மூடி போட்டிருந்தா உள்ள தண்ணி நூறு டிகிரியில கொதிக்காது, சுமார் 111 டிகிரி வரைக்கும் தாங்கும். 13 பவுண்டு மூடின்னா 119. அந்த நிலையில மூடியைத் திறந்தா அழுத்தம் போயிடும், உள்ள இருக்கற தண்ணி அந்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும். இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா இதை வெச்சுக்கோங்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க.

அரை மணி நேரம் ரோட்டோரப் புளியமரத்தடியில உட்கார்ந்திருந்தோம். எந்த வெயில்ல அவரை உட்கார வைக்கக் கூடாதோ, அதே வெயில்ல நானே உட்கார வெச்சிருந்தேன். அப்பா திட்டல. பானெட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "வண்டி மூச்சு விடுறது மூக்கு வழியா. நீ மூக்கை அடைச்சிட்டு, உள்ள இருக்கறவனுக்கு விசிறி விடுற."

அப்போ எனக்கு அது கோவமாத்தான் இருந்தது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் அவர் சொன்னது அச்சு அசல் தெர்மோடைனமிக்ஸ்னு புரிஞ்சது.

ஏசி எதையும் குளிர வைக்காது

செமஸ்டர்ல படிச்சு மறந்துபோன விஷயம் இது. குளிரை யாரும் உற்பத்தி பண்ண முடியாது. ஏசி செய்யறதெல்லாம் சூட்டை ஒரு இடத்துல இருந்து எடுத்து இன்னொரு இடத்துல கொட்டறதுதான். வீட்டு ஏசி மாடியில கொட்டும். கார் ஏசி எங்க கொட்டுது? கண்டன்ஸர்ல. கண்டன்ஸர் எங்க இருக்கு? ரேடியேட்டருக்கு நேர் முன்னாடி.

ஒரு டன் ஏசின்னு வெச்சுக்குவோம். உள்ள இருந்து மூணரை கிலோவாட் சூட்டை எடுக்கும். அதை எடுக்க கம்ப்ரஸர் பண்ற வேலையும் சூடாத்தான் வெளியே வரும். ரெண்டும் சேர்த்தா அஞ்சு கிலோவாட்டுக்கு மேல. மூணு இண்டக்‌ஷன் அடுப்பை ஃபுல்ல வெச்சு ரேடியேட்டர் முன்னாடி நிறுத்தின மாதிரி.

ரேடியேட்டர் வேலை செய்யறதே தண்ணிக்கும் காத்துக்கும் இருக்கற வெப்ப வித்தியாசத்துலதான். தண்ணி 95 டிகிரி, வெளிக்காத்து 40 டிகிரின்னா வித்தியாசம் 55. கண்டன்ஸரைத் தாண்டி வர்ற காத்து 55 டிகிரி ஆயிடுச்சுன்னா வித்தியாசம் 40தான். ரேடியேட்டரை நீங்க தொடவே இல்ல, ஆனா அதோட திறன்ல கால்வாசிக்கு மேல போச்சு. அதே சமயம் கம்ப்ரஸரை இழுக்க இன்ஜின் ரெண்டு மூணு குதிரைத்திறன் கூடுதலா உழைக்கணும். அதாவது சூடு கூடுது, சூடு வெளியே போற வழி குறையுது.

60 கிலோமீட்டர் வேகத்துல போனா எதிர்க்காத்து சமாளிச்சிடும். கேட்டுல நிக்கும்போதுதான் மாட்டிக்குவோம்.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஒரு வரியில சொல்றேன். ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கிட்டிருந்த பழைய சர்வர் மேல, லோடு டெஸ்ட் பண்ணாம ஒரு புது ஃபீச்சரை ஏத்திட்டேன்.

கொஞ்சம் சரித்திரம். அம்பாசிடரோட மூலம் இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. 1950-கள் கடைசியில இருந்து 2014 மே வரைக்கும் மேற்கு வங்காளத்துல உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைத் தயாரிச்சாங்க. எங்க வண்டியில இருக்கற 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன். அதுல மூணு குதிரையை ஏசிக்குக் கொடுக்கறது சின்ன விஷயம் இல்ல.

உலகத்துலயே கம்பெனி ஏசியோட கார் வித்தது அமெரிக்காவுல பேக்கார்டுதான், 1940 மாடல்ல. அதுல கூலிங் காயில் டிக்கிப் பக்கம் இருந்துச்சு. கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம்னா இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழட்டணும்! எல்லாத்தையும் முன்பக்கமே அடக்கி ஒரே சிஸ்டமா கொடுத்த முதல் அமெரிக்கக் கார் 1954-ல வந்தது. அது பேரு என்ன தெரியுமா? நாஷ் அம்பாசிடர். நம்ம அம்பாசிடருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பேரு மட்டும்தான்.

ரெண்டாவது ரவுண்டு: முதல்ல அளக்கணும்

இந்தத் தடவை ஏசி பெல்ட்டைக் கழட்டி வெச்சுட்டேன். முதல் வேலை வண்டியோட நிஜமான நிலைமை என்னன்னு தெரிஞ்சுக்கறது. தூரத்துல இருந்து சூடு பார்க்கற ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் மல்டிமீட்டரும் வாங்கினேன்.

ஏசி இல்லாமலேயே, இன்ஜின் சூடான பிறகு ரேடியேட்டர் முகத்துல ஒவ்வொரு இடமா அடிச்சுப் பார்த்தேன். நடுவுல நல்ல சூடு. ரெண்டு ஓரத்துலயும் திடீர்னு குறைச்சல். அப்படின்னா அந்தக் குழாய்கள்ல தண்ணி ஓடவே இல்ல, அடைச்சிருக்கு.

ஏன் அடைச்சது? முப்பது வருஷமா நாங்க ஊத்தினது போர் தண்ணி. கடலோர மாவட்டத்து உப்புத் தண்ணி. வீட்டு வாட்டர் ஹீட்டர்ல வெள்ளையா படியுமே, அதேதான் ரேடியேட்டர்லயும் இன்ஜின் பிளாக்லயும் படிஞ்சிருந்தது. பிளாக்கோட வடிகால் டேப்பைத் திறந்தா தண்ணி வரல. கம்பி விட்டுக் குத்தின பிறகு சேறு வந்தது.

ரேடியேட்டரைக் கழட்டி கடலூர்ல ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்க இருந்த பெரியவர் ஒரு பார்வை பார்த்துட்டு, "தம்பி, இதைக் குத்திச் சுத்தம் பண்ணலாம், ஒரு வருஷம் வரும். புது கோர் போட்டா உங்க பிள்ளை காலம் வரைக்கும் வரும்" னார். மேல் டாங்க், கீழ் டாங்க் பழசையே வெச்சு, நடுவுல புதுசா மூணு வரிசைக் குழாய் உள்ள செம்புக் கோர் போட்டுக் கொடுத்தார். அலுமினியம் ரேடியேட்டர் வாங்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கலாம். ஆனா செம்பும் பித்தளையும் சேர்ந்தது ஓட்டை விழுந்தா நம்ம ஊர்ல பத்த வைக்க ஆள் இருக்கு. அலுமினியத்துக்கு ஆள் தேடணும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். அதோட கூட்டைத் திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. எப்பவோ யாரோ கழட்டிட்டாங்க. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" ன்னு பல பேர் சொல்வாங்க. இது தப்பு. தெர்மோஸ்டாட் இல்லாட்டி இன்ஜின் நீண்ட ரோட்டுல தேவையான சூட்டுக்கே வராம ஓடும். பெட்ரோல் கூட குடிக்கும், சீக்கிரம் தேயும். ஆனா அது இல்லாம "தண்ணி வேகமா ஓடிட்டா ஆற நேரம் கிடைக்காது" ன்னு சொல்றதும் தப்புதான். வேகமா ஓடறதால ரேடியேட்டர் குறைவா வேலை செய்யாது. நான் புது 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டேன். போடறதுக்கு முன்னாடி பாத்திரத்துல தண்ணி சுட வெச்சு, அது திறக்குதான்னு பார்த்தேன். அம்மா, "என்னடா சமைக்கிற?" ன்னு கேட்டாங்க.

அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. நம்ம ஊர்ல ஐஸ் உறையாது, கூலன்ட் எதுக்குன்னு கேக்கலாம். உறையாம இருக்கறதுக்காக இல்ல, துருப் பிடிக்காம இருக்கறதுக்காக. கொதிநிலையும் கொஞ்சம் ஏறும்.

காத்தும் கரண்ட்டும்

இப்ப காத்து. பழைய விசிறி வாட்டர் பம்ப்போட சேர்ந்து சுத்தும். இன்ஜின் மெதுவா சுத்தினா அதுவும் மெதுவா சுத்தும். அதாவது கேட்டுல நிக்கும்போது, எப்போ காத்து ரொம்பத் தேவையோ அப்போதான் காத்து குறைச்சல். அதனால ரேடியேட்டருக்குப் பின்னாடி ஒரு எலெக்ட்ரிக் விசிறி. சுத்தி தகரத்துல ஒரு கூடு, ஷ்ரவுட்னு சொல்வாங்க. இந்தக் கூடு இல்லாட்டி விசிறி தனக்கு எதிர்ல இருக்கற வட்டத்துல இருந்து மட்டும்தான் காத்து இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். கூடு போட்டா முழு ரேடியேட்டரும் வேலை செய்யும். எங்க தெருவுல கிரில் பட்டறை வெச்சிருக்கற அண்ணன் ரெண்டு மணி நேரத்துல வளைச்சுக் கொடுத்தார். நான் பண்ணின எல்லா வேலையிலயும் காசுக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

விசிறி வந்தா கரண்ட் வேணும். எங்க வண்டியில இருந்தது டைனமோ. இந்த வகை டைனமோ முழு வேகத்துலயே 20 ஆம்பியரைச் சுத்தித்தான் கொடுக்கும், ஐடில்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே வராது. இப்ப கணக்குப் பாருங்க. விசிறிக்கு 12, ஏசி ப்ளோயருக்கு 10, கம்ப்ரஸர் கிளட்ச்சுக்கு 4, ராத்திரி ஹெட்லைட்டுக்கு 10. மொத்தம் 36. முதல் ரவுண்டுல என் பேட்டரிதான் இந்தக் கடனை எல்லாம் அடைச்சுக்கிட்டிருந்தது. அதனால ஒரு ஆல்டர்னேட்டர், தடிமனான புது வயர், ஒவ்வொண்ணுக்கும் தனி ரிலே, தனி ஃப்யூஸ். பழைய வண்டியில ஃப்யூஸ் இல்லாம வயர் இழுக்காதீங்க. ஓவர் ஹீட் ஆனா வண்டி நிக்கும். வயர் உருகினா வண்டி எரியும்.

கடைசியாத்தான் ஏசி

இத்தனையும் முடிச்சு, ஏசி இல்லாம ஒரு வாரம் ஓட்டி, வெயில்ல ஐடில்ல நிறுத்தி, முள்ளு அசையலன்னு பார்த்த பிறகுதான் ஏசி பெல்ட்டைத் திரும்ப மாட்டினேன். அதுலயும் மூணு மாற்றம்.

ஒண்ணு, கண்டன்ஸர். கிட்டோட வந்தது பழைய மாதிரி ஒரே குழாய் வளைஞ்சு வளைஞ்சு போறது. அதை எடுத்துட்டு பேரலல் ஃப்ளோ கண்டன்ஸர் போட்டேன். நிறைய சின்னச் சின்னப் பாதையில கேஸ் ஒரே நேரத்துல ஓடும். அதே இடத்துல அதிகச் சூட்டைத் தள்ளும், தடிமனும் குறைவு. அப்பா சொன்ன மூக்கு, கொஞ்சம் திறந்தது.

ரெண்டு, பிரஷர் ஸ்விட்ச். கேஸ் அழுத்தம் ரொம்ப ஏறினாலோ, கேஸ் கசிஞ்சு ரொம்ப இறங்கினாலோ கம்ப்ரஸர் தானா நிக்கும். கூடவே இன்ஜின் தண்ணி 105 டிகிரி தாண்டினா ஏசி கட் ஆகற மாதிரி இன்னொரு ஸ்விட்ச். மனுஷன் கவனிக்க மறந்தாலும் வண்டி தன்னைக் காப்பாத்திக்கும். நான் மறந்த ஆளு, அதனால எனக்கு இது ரொம்ப அவசியம்.

மூணு, ஐடில். ஏசி ஆன் பண்ணினதும் கார்புரேட்டர் லிங்க்கைக் கொஞ்சம் தள்ளி, ஆர்பிஎம்மை ஏத்தற சின்ன வேக்குவம் பிஸ்டன். தடதடன்னு ஆடி நிக்கறது போச்சு.

பழைய வண்டியில ஏற்கெனவே ஏசி இருந்து, அதைப் புதுப்பிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து கேஸ் ஆர்12. ஓசோன் படலத்தை அரிக்குதுன்னு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க அதைக் கைவிட்டாங்க. இப்ப போடறது ஆர்134ஏ. கேஸை மட்டும் மாத்தினா ஆகாது. பழைய மினரல் ஆயில் இதோட கலக்காது, கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாம செத்துப்போகும். ஆயில், ஓ ரிங், ட்ரையர் எல்லாம் மாத்தணும். அரை மணி நேரத்துக்குக் குறையாம வேக்குவம் இழுத்து, கேஸை எடை போட்டுத்தான் அடைக்கணும். "பைப்பைத் தொட்டுப் பார்த்தா தெரியும் சார்" னு சொல்றவங்க கிட்ட இருந்து நன்றி சொல்லிட்டு நகர்ந்துடுங்க. சமையல் கேஸ் வகையை ஏசியில அடைக்கறவங்களும் இருக்காங்க. அது எரியற வாயு. வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டல, 2012-லயே உச்ச நீதிமன்றம் தடை பண்ணிருச்சு. அதுக்குப் பதிலா தரைக்கும், இன்ஜினுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற தகரத்துக்கும் ஃபோம் ஷீட் ஒட்டினேன். பெடல் கம்பி, வயர் போற ஓட்டையெல்லாம் ரப்பர் வெச்சு அடைச்சேன். கால்ல அடிச்ச அனல் பாதி குறைஞ்சது. உள்ள வர்ற சூட்டைத் தடுத்தா, சின்ன ஏசியே போதும்.

"இவ்வளவு பண்றதுக்கு புது இன்ஜினையே மாத்தியிருக்கலாமே" ன்னு நண்பர்கள் கேட்டாங்க. இன்ஜினை மாத்தினா ஆர்டிஓ அனுமதி வேணும், ஆர்சியில ஏறணும். இன்னொண்ணு, 50 வருஷம் தாண்டின வண்டிகளை விண்டேஜ்னு தனியா பதிவு பண்ண 2021-ல மத்திய அரசு விதி கொண்டுவந்தாங்க. அதுக்கு வண்டி பெரிய மாற்றம் இல்லாம மூல வடிவத்துல இருக்கணும். எங்க வண்டிக்கும் இன்னும் கொஞ்ச காலத்துல 50 ஆகும். ஆனா விண்டேஜா பதிவு பண்ணினா தினப்படி ஓட்டக் கூடாது. எங்களுக்கு ஓட்டத்தான் வேணும். இருந்தாலும் நான் பண்ணின எல்லாமே போல்ட்டைக் கழட்டினா பழையபடி ஆகற மாதிரிதான் பண்ணியிருக்கேன். டைனமோ துணி சுத்தி பரண்ல பத்திரமா இருக்கு.

உண்மையைச் சொல்லணும்ல, புதுக் கார் அளவுக்குக் குளிராது. உச்சி வெயில்ல பின் சீட்டுக்குக் காத்து பத்தல. மைலேஜ் குறைஞ்சிருக்கு. ரெண்டு ரவுண்டும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல செலவு. முதல்லயே அளந்திருந்தா அதுல கால்வாசி மிச்சம்.

அதே கேட்

இந்த வருஷம் மே மாசம். அதே செக்கப், அதே பதினொரு மணி, அதே கேட். மூடியிருந்தது. அப்பா முன் சீட்டுல. ரெண்டு பேரும் பேசல, முள்ளையே பார்க்கறோம். விசிறி ஓடற சத்தம் கேக்குது. முள்ளு கொஞ்சம் ஏறுச்சு, நின்னுச்சு. நான் இறங்கிப் போய் மேல் டாங்க்ல தெர்மாமீட்டர் அடிச்சேன், 94. ரயில் போச்சு. கேட் திறந்தது.

புவனகிரி தாண்டும்போது அப்பா துண்டை எடுத்துத் தோள்ல போத்திக்கிட்டார். "கொஞ்சம் குறைடா. குளிருது."

சிதம்பரத்துல டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் எழுதிக்கிட்டிருக்கும்போது அப்பா குறுக்கே கேட்டார்: "டாக்டர், வண்டி ஓட்டலாங்களா?" மாத்திரையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு, "கிட்டத்துல, பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா" ன்னார்.

திரும்பி வரும்போது புவனகிரியில டீ குடிச்சோம். நான் டிரைவர் பக்கம் போனா, அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் கியரை ஒரு தடவை எல்லாப் பக்கமும் போட்டுப் பார்த்தார். குறிஞ்சிப்பாடி வரைக்கும் நாற்பதைத் தாண்டல. பின்னாடி வந்த எல்லா பஸ்ஸும் ஹாரன் அடிச்சுது. அவர் எதையும் கண்டுக்கல. முள்ளை மட்டும் பார்த்துக்கிட்டார்.

இதுதான் இந்த வார எபிசோட். உங்க வீட்லயும் தாத்தா ஓட்டின பத்மினி, அப்பாவோட பழைய அம்பாசிடர், ஜீப் ஏதாவது நின்னுக்கிட்டிருந்தா, ஏசி விலை விசாரிக்கறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் முகத்துல ஒரு தெர்மாமீட்டர் அடிச்சுப் பாருங்க. அதுக்கும் முன்னாடி, அதை இத்தனை வருஷம் ஓட்டினவர் கிட்ட அதுக்கு என்ன பிரச்சினைன்னு கேளுங்க. நான் கேட்டிருந்தா, "ஓரத்துல தண்ணி ஓடலடா, எனக்குப் பத்து வருஷமாத் தெரியும்" னு அப்பவே சொல்லியிருப்பாராம். போன வாரம்தான் சொன்னார்.

அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.